இறக்கு, இறுக்கு

எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் அடங்காது. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று பழமொழி சொல்வார்களே, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருபத்தொரு வருடம் பிழைப்பு நடத்தியவள் நான். பழமொழியில் ஒன்றுக்குப் போவதைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே புத்தி வந்திருக்கும்.

துறைமுகத்தில் நாலாம் நம்பர் கிரேன் என்னுடையது. தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைப்பது, லாரியிலிருந்து தூக்கிக் கப்பலில் வைப்பது, இதுதான் வேலை. ஏறினால் நாலு மணி நேரம். கூண்டில் ஏசி உண்டு, வாக்கி டாக்கி உண்டு, சாமி படம்கூட ஒட்டியிருக்கிறேன். கழிப்பறை மட்டும் கிடையாது. இறங்கிப் போய்விட்டு மறுபடி ஏறி உட்கார இருபத்தைந்து நிமிடம் ஆகும். எனக்காக எவன் கப்பலை நிறுத்தி வைப்பான்?

ஆகவே அடக்கினேன். ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிக்க மாட்டேன். வயிறு கூப்பிட்டால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதற்கும் அலுத்துவிடும். நான் எப்போதும் மேலேயே இருப்பதால் கீழே எல்லோருக்கும் நான் மேலக்கா. "மேலக்காவுக்கு வயிறுன்னு ஒண்ணு கிடையாதுப்பா" என்று ஒருவன் சொன்னது வாக்கியில் கேட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் வந்து சொன்னேன், மடச்சி.

போன வருடம் ஒரு காலையில், முப்பது டன் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே ஈரமானதை உணர்ந்தேன். வயிறு கூப்பிடவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. பெட்டியை லாரியில் வைத்தேன். அடுத்த பெட்டியையும் வைத்தேன். வேலை முடிந்து எல்லோரும் போகும் வரை மேலேயே உட்கார்ந்திருந்து பிறகு இறங்கினேன். மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். கப்பலில் ஏற்றுகிற வேலையே என்னுடையதுதான் என்பதால் நானே ஏற்றி வைத்தேன் என்று சொல்ல வேண்டும். இன்றைக்குச் சிரிக்கிறேன். அன்றைக்கு வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் வண்டிகளுக்கு இருக்கை உறை தைப்பவர். ஒரு மாதம் கழித்து அவரிடம் போய் நின்றேன்.

"கிரேன் சீட்டுக்கு ரெக்சின்ல ஒரு உறை தைச்சுக் குடுங்க. துடைச்சா போற மாதிரி."

"துணி உறை நல்லாத்தானே இருக்கு?"

"வேர்க்குது."

"ஏசிக் கூண்டுலயா?"

"தைச்சுக் குடுப்பீங்களா, இல்ல நான் வேற கடை பாக்கவா?"

மனிதர் அதற்குமேல் கேட்கவில்லை. ரெக்சின் உறையோடு, மேலே விரித்து எடுத்துத் துவைக்கிற மாதிரி மெத்தென்ற துணியில் மூன்று விரிப்புகளும் தைத்துப் பையில் போட்டு வைத்திருந்தார். நான் விரிப்புக் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

தெருமுனை டாக்டரிடம் போனேன். கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

"என்ன பண்ணுது?"

"வயித்தால போகுது டாக்டர்."

"தினமும் போகுதா?"

"தினமும் நாலஞ்சு தடவை போகுது. தண்ணியா போகுது. தெரியாமலே போகுது."

நிறுத்துகிற மாத்திரை எழுதினார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம். மறுபடி போனேன், மாத்திரையை இரட்டிப்பாக்கினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. போகுதா என்று கேட்டார், போகுது என்றேன். தமிழில் போகுது என்றால் போகுது என்றுதானே அர்த்தம்?

அப்புறம் ஒரு நாள் ஏணியில் இறங்கும்போது பாதி வழியில் ஆகிவிட்டது. கீழே ஆறு பேர் நின்றார்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள், கப்பலைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போர்மேன் என்னைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். கம்பெனி டாக்டர் பன்னிரண்டு வாரம் விடுப்பு எழுதினார். அதற்குள் சரியானால் ஒரு மாதம் கிரேனில் வைத்துப் பார்ப்பார்கள். சரியாகாவிட்டால் நுழைவாயிலில் நாற்காலி போட்டு லாரிச் சீட்டு சரிபார்க்கும் வேலை. சம்பளம் குறையாது என்றார்கள். எனக்குச் சம்பளமா பெரிது? அந்தக் கூண்டில் உட்கார்ந்து நாற்பது மீட்டர் கீழே இருக்கிற லாரியில் ஒரு விரற்கடை பிசகாமல் பெட்டியை வைப்பேன். அதை எடுத்துவிட்டால் நான் வெறும் வாய்தான்.

தெருமுனை டாக்டர், பாவம், அவரே சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆசனவாய், மலக்குடல் சம்பந்தப்பட்ட கோளாறுகளுக்கென்றே அங்கே ஒரு டாக்டரம்மா, அறை வாசலில் அப்படியே எழுதிய பலகை. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பக்கத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது போல் முகத்தை வைத்திருந்தார்கள். நானும்தான்.

"வயித்தால போகுதுங்க" என்று ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா பேனாவை எடுக்கவில்லை. "போகுதுங்கறத விடுங்க. நீங்க கடைசியா எப்போ போனீங்க? வந்து உக்காந்து, முழுசா, அப்பாடான்னு எழுந்தது?"

யோசித்துப் பார்த்தேன். போன வாரமா, போன மாதமா, அதற்கு முன்பா? எனக்கு நிஜமாகவே நினைவில்லை. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் விரலை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, உறை போட்ட விரலால் பார்த்தார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். "இப்ப இறுக்குங்க. சரி. இப்ப வெளிக்குப் போற மாதிரி முக்குங்க." நான் உயிரைக் கொடுத்து முக்கினேன். "ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள கல்லு மாதிரி அடைச்சிருக்கும்மா. உங்களுக்குப் பேதி இல்ல. மலச்சிக்கல்."

எனக்கு வந்ததே கோபம். "நான் போகுது போகுதுன்னு ஆறு மாசமா அழுதுட்டிருக்கேன், நீங்க போகலைங்கறீங்க!"

"சாக்கடை அடைச்சுக்கிட்டா தண்ணி நின்னுடுமா, ஓரத்துல வழியுமா?"

"வழியும்."

"அப்படி வழியறதத்தான் போகுதுன்னு சொல்றீங்க. அதுக்கு நிறுத்தற மாத்திரையும் போட்டு அடைப்ப இன்னும் கெட்டியாக்கிட்டீங்க."

என் வீட்டுக்காரர் மெதுவாக, "கெணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையால்ல இருக்கு" என்றார். டாக்டரம்மா சிரித்தார். நான் இரண்டு பேரையும் முறைத்தேன்.

முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு பொடி, செம்பு செம்பாக. நர்ஸ் வந்து கொடுத்த எனிமா. நாலு நாள் ஒன்றும் பெரிதாக நகரவில்லை. ஐந்தாம் நாள் குளியலறைக்குள் போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். நடுவில் என் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏம்மா, உயிரோட இருக்கியா?" என்றார். "இருக்கேன், அந்தப் பக்கம் போய்த் தொலைங்க" என்றேன். வெளியே வந்தபோது என் பாவாடை நாடாவை இரண்டு விரற்கடை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஒன்பது நாள் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

தீர்ந்தது என்று குதித்தேன். டாக்டரம்மா குதிக்கவில்லை. அடைப்பு ஏன் வந்தது என்று பார்க்காவிட்டால் மறுபடி வரும் என்றார். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் திரையில் கோடு பார்க்கும் சோதனை. இறுக்கினால் கோடு ஏற வேண்டும், முக்கினால் இறங்க வேண்டும். நான் இறுக்கினேன், ஏறியது. முக்கினேன், இன்னும் மேலே ஏறியது. அப்புறம் ஒரு சின்ன பலூனில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்து, தனி அறையில் கழிப்பறைப் பீடத்தில் உட்காரவைத்து வெளியே தள்ளச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார்களாம். எனக்கு ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. முப்பது டன் பெட்டியைத் தூக்குகிறவளுக்கு ஒரு கை தண்ணீரை வெளியே தள்ள முடியவில்லை.

"தள்ளும்போதே வாசலச் சாத்திக்கறீங்க" என்றார் டாக்டரம்மா. "வருஷக்கணக்கா அடக்கி அடக்கி, அந்தத் தசைக்கு மூடறதத் தவிர வேற எதுவும் தெரியல. வெட்ட வேண்டியது ஒண்ணுமில்ல. பழகினதை மாத்திப் பழகணும். வாரம் ஒரு தடவை பயிற்சி. ஆனா ஒண்ணு. வயிறு கூப்பிட்டா போயிடணும். தள்ளிப் போட்டீங்கன்னா மறுபடி என்கிட்டதான் வருவீங்க."

பயிற்சி கொடுத்தவள் அமைதியான பெண். சின்ன அறை, ஒரு கட்டில், சோதனையில் பார்த்த மாதிரியே கோடு காட்டும் திரை, சுவரில் ஒரு கடிகாரம். காலுக்கு ஒரு முக்காலி போட்டு, முன்னால் சாய்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி உட்காரக் கற்றுக்கொடுத்தாள். மூச்சை வயிற்றுக்கு இழுக்கச் சொன்னாள். அதெல்லாம் வந்தது. "முக்குங்க" என்றால் மட்டும் கோடு ஏறியது. முதல் வாரம் ஏறியது. இரண்டாம் வாரம் ஏறியது.

மூன்றாம் வாரம் அவள், "முக்குங்கன்னு சொன்னா ரொம்ப பலமாப் பிடிக்கறீங்க. வேற மாதிரி சொல்றேன். கீழ இறக்குங்க. மெதுவா இறக்குங்க" என்றாள்.

கோடு செங்குத்தாக எகிறியது. அவளே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "என்னம்மா இது? 'இறக்கு'ன்னு சொன்னதும் மொத்தமா இறுகுது?"

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளிடம் சொன்னேன்.

பதினாறு வருடத்துக்கு முன்பு. கப்பல் மேல்தளத்தில் பெட்டிகளை இரும்புக் கம்பியால் பிணைக்கிற ஆட்களும் நானும் ஒரே வாக்கிச் சேனலில் இருந்தோம். அவர்களில் ஒருவன் தன் ஆளிடம் கம்பியை "இறுக்கு" என்றான். காற்றும் இரைச்சலுமாக எனக்கு "இறக்கு" என்று கேட்டது. இறக்கினேன். கீழே குனிந்திருந்தவன் தலைக்கு ஒரு முழம் மேலே பெட்டி வந்தபோது, கப்பலில் நின்று எனக்கு வழி சொல்லும் சிக்னல்காரர் விசில் ஊதினார். நிறுத்திவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் சேனலில் அந்த இரண்டு சொல்லுக்கும் தடை. எவனாவது வாய் தவறி இறக்கு என்றால் கேட்ட மாத்திரத்தில் என் கை பிரேக்குக்குப் போய்விடும். கை மட்டும்தான் போகிறது என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பயிற்சிப் பெண் சிரிக்கவில்லை. "அப்ப இறக்கறதுக்கு என்ன சொல்வாங்க?"

"'விடு'ம்பாங்க. விடு, விடு, விடுன்னு."

"நீங்க என்ன பண்ணுவீங்க? பெட்டியக் கீழ அழுத்துவீங்களா?"

"பெட்டிய யாராச்சும் அழுத்துவாங்களா? அது பாட்டுக்குத் தன் கனத்துல எறங்கும். நான் பிடியக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துவேன், அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். என்னை மூச்சு இழுக்கச் சொன்னாள். பிறகு சிக்னல்காரர் மாதிரியே, அவசரமில்லாத குரலில், "விடு" என்றாள். "விடு... விடு..."

கோடு இறங்கியது. ஒரு தடவைதான், அதுவும் பாதிதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு கொஞ்சம் காற்றும் போனது. "அதையும் விடுங்க, அதுக்குத்தானே பயிற்சி" என்று அந்தப் பெண் சொல்ல, இரண்டு பேரும் கட்டில் குலுங்கச் சிரித்தோம். ஏழாம் வாரம் பலூன் நாற்பது நொடியில் வந்தது. வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் சொல்லிடவா?" என்றார். விட்டால் சொல்லியிருப்பார்.

பன்னிரண்டாம் வாரம் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்கள், அதற்குள் என்னால் வேலை நின்றால் நுழைவாயில். காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் முக்காலியில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவேன். தண்ணீர் குடித்தேன். காய், பழம் என்று தின்றேன். பத்து நாள் சுகமாகப் போனது.

பதினோராம் நாள் காலை பத்தே கால் மணிக்கு வயிறு கூப்பிட்டது.

கசிவு அல்ல. சரியான, தெளிவான, நியாயமான கூப்பாடு. எத்தனையோ வருடமாக நான் கேட்காத சத்தம். ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது, ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. கப்பல் மதியம் கிளம்ப வேண்டும். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேர வேலை. இடுப்புக்குக் கீழே எல்லாம் பழக்கப்படி மூடத் தயாரானது. அடக்கினால் அடங்கிவிடும், அது எனக்குத் தெரியும். அடக்கினால் திரும்பவும் பொடி, பலூன், ரெக்சின் உறை. அதுவும் தெரியும். இறங்கினால் கிரேன் போகும்.

கையில் இருந்த பெட்டியை லாரியில் வைத்தேன். கம்பியை மேலே இழுத்துக்கொண்டேன். வாக்கியை எடுத்தேன். அந்தச் சேனலில் பதினான்கு ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போர்மேன், நாலாம் நம்பர். நான் கீழ வர்றேன்."

"என்னக்கா, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "மெஷின் நல்லா இருக்கு. நான் ரெண்டுக்குப் போகணும்."

போர்மேன், குரலைத் தாழ்த்தினால் மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்தானோ என்னவோ, "அக்கா, கப்பல் நிக்குது. கொஞ்ச நேரம் அடக்கிக்க முடியாதா?" என்றான்.

"முடியும் தம்பி. இருபத்தொரு வருஷம் முடிஞ்சுது. அதுதான் என் வியாதியே. இறங்கறேன்."

இறங்கினேன். ஓடவில்லை, நடந்தேன். கழிப்பறையில் முக்காலி இல்லை, ஒரு பழைய மரப்பலகையைக் காலுக்குப் போட்டுக்கொண்டேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, எதிரே வந்த லாரிக்காரன் ஒதுங்கி வழி விட்டான்.

ஏணிக்குக் கீழே போர்மேன் பதிவேட்டோடு நின்றான். வேலை நின்றால் நேரமும் காரணமும் அதில் எழுத வேண்டும். எழுதியிருந்தான். நான் மறுபடி ஏறுவதையும் சேர்த்து இருபத்திரண்டு நிமிடம். காரணம் என்ற இடத்தில், இயந்திரக் கோளாறு.

"இப்படியே இருக்கட்டும்க்கா. கேட்டா நான் பாத்துக்கறேன். இல்லன்னா உங்கள கேட் வேலைக்கு அனுப்பிடுவாங்க."

நல்ல மனசுதான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "நாளைக்கும் இறங்குவேன் தம்பி. நாளைக்கும் மெஷினயா திட்டுவே?"

பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'கழிப்பறை' என்று எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன். அவனும் போட வேண்டும். போட்டால் அது மேலிடத்துக்குப் போகும். அவன் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். கப்பலிலிருந்து யாரோ என்ன தாமதம் என்று கத்தினார்கள்.

கையெழுத்துப் போட்டான். பதிவேட்டை மூடவில்லை.

"அக்கா, அந்த டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி?"

"யாருக்கு?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

அவன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ஏணிக்குக் கீழே வானத்தைப் பார்த்த முகங்களில் அதுவும் ஒன்று. எங்கும் போகாமல் அவன் எதிரிலேயே நின்றேன்.

"தெரிஞ்சவருக்கு எத்தனை நாளா தம்பி?"

அவன் கண் கலங்கியிருந்தது. "மூணு வருஷமாக்கா" என்றான்.